விட்டுப்போன மதிப்பெண்

அந்த ஒரு சொல்லை மட்டும் அந்தப் பெண் நிற்காமல் தாண்டியிருந்தால் நான் நேரத்துக்கு வந்து சேர்ந்திருப்பேன். பெரிய சொல்கூட இல்லை. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் மூச்சுவிடாமல் சொல்லிவிட்டு அடுத்த வரிக்கு ஓடுகிற சொல். அதில் போய் நின்றாளே. நிற்பதற்கு வேறு நாள் கிடைக்கவில்லையா அவளுக்கு?

உள்ளுக்குள் இப்படிப் புலம்பியபடியே அந்த ஆசிரியை, கணவரின் வலது கையைத் தன் மடிமேல் வைத்துக்கொண்டு, முழுக்கைச் சட்டையின் மணிக்கட்டுப் பொத்தானை மாட்டப் பார்த்துக்கொண்டிருந்தாள். பொத்தான் வழுக்கிக்கொண்டே போனது. வெளியே முன்னறையில் நாற்காலிகளை இழுத்துப் போடும் சத்தம். மின்விசிறியைக் கூட்டி வை என்று யாரோ சொன்னார்கள். மதியத்துக்குள் வண்டி வந்துவிடும் என்று இன்னொரு குரல்.

"அதை விடு. மடிச்சு விடு. அவன் என்னைக்குக் கையை இறக்கி விட்டிருக்கான்?" என்றாள் நாத்தனார்.

சரிதான். லிஃப்ட் பழுது பார்க்கிறவர். முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்ட சட்டையோடுதான் கல்யாணப் படத்தில்கூட நிற்கிறார். அவள் மடித்துவிட்டாள். மடிப்பு நிற்கவில்லை. கை நீளமாக, யாருடைய கையோ போல மடியில் கிடந்தது. நகக்கண்ணில் பழைய கிரீஸ் கறுப்பாக அப்படியே இருந்தது. வேலைக்குப் போவதை நிறுத்தி எத்தனையோ மாதமாகியும் அது போகவில்லை.

"அக்கா, கடைசியா என்ன சொன்னாரு?"

"ஆரம்பிச்சிட்டியா?"

"இன்னொரு தடவை சொல்லுங்க."

நாத்தனார் தம்பியின் தலைமாட்டில் உட்கார்ந்து சீப்பால் வாரிவிட்டுக்கொண்டிருந்தாள். சீப்பு நின்றது. "'வந்துட்டாளா'ன்னான். 'வந்துட்டே இருக்கா'ன்னேன். கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கிட்டு இருந்தான். மறுபடி 'வந்துட்டாளா'ன்னான். அதுக்கப்புறம் கேக்கல."

"கேக்கலையா, கேக்க முடியலையா?"

"எனக்கு என்னடி தெரியும்? நான் என்ன டாக்டரா?"

"ரெண்டாவது தடவை கேட்டது போன் பண்றதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"பின்னாடி."

"எவ்வளவு பின்னாடி?"

"நீ என்ன கேள்வித்தாள் குடுக்கிறியா?" என்றாள் நாத்தனார். கண் சிவந்திருந்தது. "டீச்சரம்மா, இது உன் ஸ்கூல் இல்ல. என் தம்பி செத்துக் கிடக்கான்."

அவள் மறுபடி சட்டைக்கையை மடித்தாள். ஆனால் உள்ளே கேள்விகள் நிற்கவில்லை. பாடம் வாசித்து முடிந்ததும் பிள்ளைகளிடம் கேட்பாளே: யார் சொன்னது, எப்போது சொன்னது, அதற்கு முன் என்ன நடந்தது. விடை பத்தியிலேயே இருக்கிறது, மறுபடி வாசித்துப் பாருங்கள் என்பாள். இங்கே பத்தியே அவள் கையில் இல்லை. அவள் இல்லாத அறையில் யாரோ வாசித்து மூடிவிட்டார்கள். இனி எத்தனை முறை கேட்டாலும் அந்த இரண்டு 'வந்துட்டாளா'தான். மூன்றாவது ஒன்று கிடைக்காது.

நேற்றுப் பள்ளிக்குப் போகாமல் இருந்திருக்கலாம். ஒன்பதாம் வகுப்புக்கு வாசிப்புத் தேர்வு. ஒவ்வொருவராக மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்று, கொடுத்த பத்தியை உரக்க வாசிக்க வேண்டும். வகுப்பு ஆசிரியைதான் மதிப்பெண் போட வேண்டும். மற்றவர்கள் அந்த நேரத்தில் வீட்டில் இருக்கும் ஒருவரைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு பத்தி எழுதிக்கொண்டிருப்பார்கள். எழுதட்டும், வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும், வாசிப்பைப் பிறகு நான் கேட்டுக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தால் தலைமை ஆசிரியை மறுத்திருக்க மாட்டார். கிளம்பும்போது வாசலில் ஒரு நிமிஷம் தயங்கத்தான் செய்தாள்.

தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து உட்கார்ந்திருந்தவர் சிரித்தார். "போய்ட்டு வா. நான் எங்க ஓடிடப் போறேன்? படி இறங்கினாலே மூச்சு வாங்குது. ஊருக்கெல்லாம் லிஃப்ட் சரி பண்ணிக் குடுத்தவன் வீட்டுல ஒரு லிஃப்ட் இல்ல பாரு."

இதயம் வீங்கியிருக்கிறது, கவனமாகப் பார்த்துக்கொண்டால் இன்னும் சில மாதங்கள் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். சில மாதங்கள் என்பதை அவள் மனதுக்குள் ஒரு வருஷமாகத் திருத்திக்கொண்டாள். தப்பைத் திருத்திப் பழகிய கை.

அந்தப் பெண் வகுப்புக்கு வந்த புதிதில், அவளைப் பற்றி ஆசிரியை தன் கணவரிடம்தான் சொன்னாள். தமிழிலும் திக்கும், ஆங்கிலம் என்றால் ஒவ்வொரு வரியிலும் ஓரிடத்தில் கட்டாயம் நின்றுவிடுவாள். போனில் வீடியோ பாதியில் நின்று சுற்றுவதைச் சொல்வதுபோல, வகுப்பில் அவளுக்குப் 'பஃபரிங்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அவள் எழுந்து நின்றாலே ஒருவன் விரலால் காற்றில் வட்டம் போட்டுக் காட்டுவான். நல்ல பிள்ளைகள் என்று பெயரெடுத்தவர்கள் இன்னும் மோசம். அவள் சொல்ல வருவதை முந்திக்கொண்டு சொல்லிக் கொடுத்தார்கள். சொல்லிக் கொடுக்கக் கொடுக்க அவள் வாய் இன்னும் இறுகியது.

அவர் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார். "பாதியில நின்னுட்ட லிஃப்டுல ஆள் மாட்டிக்கிட்டா நாங்க என்ன பண்ணுவோம் தெரியுமா? வெளிய நிக்கிறவன் எல்லாம் கதவை நெம்பி, கையைப் பிடிச்சு இழுக்கப் பார்ப்பான். அப்பதான் கால் போகும், உயிர் போகும். முதல்ல அவனுங்களைத் தள்ளி நிக்கச் சொல்லுவோம். உள்ள இருக்கிறவங்ககிட்ட, 'நாங்க இங்கதான் இருக்கோம்'னு ஒரு குரல் குடுப்போம். அப்புறம் மேல போய் கையால சக்கரத்தைச் சுத்தி, மெல்ல மெல்லத் தளத்துக்குக் கொண்டாருவோம். அதுவரைக்கும் கதவை ஒருத்தன் தொடக் கூடாது."

மறுநாள் அவள் வகுப்பில் ஒரு விதி போட்டாள். ஒருவர் வாசிக்கும்போது மற்றவர் வாய் திறக்கக் கூடாது. சொல்லை எடுத்துக் கொடுக்கக் கூடாது. யாரும் உள்ளே வரக் கூடாது. வந்தால் வாசலிலேயே நிற்க வேண்டும். யாராவது அசைந்தால் அவள் ஒரு விரலை உயர்த்துவாள், அவ்வளவுதான். ஒருமுறை பள்ளி ப்யூன் சுற்றறிக்கையோடு, "டீச்சர், கையெழுத்து" என்று நடுவில் நுழைந்துவிட்டார். அவள் பிள்ளைகள் முன்னாலேயே கடிந்துகொண்டாள். "அண்ணே, ஒரு பிள்ளை வாசிக்கிறா இல்ல? கூரையே இடிஞ்சாலும் அவ முடிக்கிற வரைக்கும் நில்லுங்க." பெரியவர் முகம் சிறுத்துப் போனார். அதற்குப் பிறகு நின்றார். எப்போதும் நின்றார்.

நேற்றும் நின்றார்.

அவர் வந்து நின்றதை அவள் பார்த்தாள். அதுதான். பார்க்கவில்லை என்றால்கூடப் பரவாயில்லை. ஓரக்கண்ணில் காக்கிச் சட்டை தெரிந்தது, விரலை உயர்த்தினாள். மற்றவர்களெல்லாம் வாசித்து முடித்த பிறகு கடைசி ஆளாக வந்த அந்தப் பெண் ஒரு பாலத்தைப் பற்றிய பத்தியை வாசித்துக்கொண்டிருந்தாள். இரண்டு வரி நன்றாகப் போயிற்று. அவளுக்கே நம்ப முடியவில்லை. குரலில் லேசாக ஒரு துள்ளல் ஏறியது. ஊர் மக்கள் பழைய பாலத்தை விட்டுவிட்டார்கள், பிகாஸ்... அங்கே நின்றாள். 'பி'யில் உதடு ஒட்டிக்கொண்டது. கழுத்து நரம்பு புடைத்தது. வகுப்பில் பேனாக்கள் காகிதத்தில் உரசுகிற சத்தம் மட்டும். ப்யூன் காலை மாற்றி நின்றார். அவள் விரலை இறக்கவில்லை. இதோ வந்துவிடும், இதோ, என்று அந்தப் பெண்ணின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு மாதிரிப் பெருமிதத்தோடுகூட இருந்தாள். காத்திருக்கத் தெரிந்தவள் என்கிற பெருமிதம்.

சொல் வந்தது. அடுத்த இரண்டு சொற்களும் வந்தன. அப்போதுதான் ப்யூன் விதியை மீறி உள்ளே நடந்துவந்து, அலுவலக செல்போனை மேசைமேல் வைத்தார். அவர் கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது. போனில் நாத்தனாரின் அழுகை கேட்டது. முதல் முறை போன் செய்தது எப்போது என்று பிறகுதான் தெரிந்தது. மூச்சு இழுக்கிறது, உடனே வரச் சொல்லுங்கள் என்று சொல்லியிருக்கிறாள். அந்தச் சேதியைச் சுமந்துகொண்டுதான் மனிதர் வாசலில் நின்றிருக்கிறார். அவர் நின்றிருக்கும்போதே, கையோடு கொண்டுவந்த போனில் வந்ததுதான் இரண்டாவது அழைப்பு. பள்ளியிலிருந்து வீடு இரண்டு தெரு தள்ளி. ஓடினால் வந்துவிடலாம்.

வந்திருப்பேனா?

தெரியாது. தெரியாது என்பதுதான் தொண்டையில் நின்றது. நிச்சயமாக வந்திருக்க முடியாது என்று யாராவது சொன்னால் அவர் காலில் விழத் தயாராக இருந்தாள். நிச்சயமாக வந்திருப்பாய் என்று சொன்னாலும் சரி. அப்போதாவது முழுசாக உடைந்து போகலாம். இது இரண்டும் இல்லாமல், ஒரு பெண்ணின் ஒட்டிய உதடுகளுக்கு இந்தப் பக்கம் அவள் நின்றுகொண்டேயிருந்தாள். அந்தப் பக்கம் அவர் கேட்டுக்கொண்டேயிருந்தார்.

"உன் ஸ்கூல்ல இருந்து வந்திருக்காங்க," என்று யாரோ எட்டிப் பார்த்துச் சொன்னார்கள்.

அதற்குள் அவரை முன்னறைக்குக் கொண்டுவந்து கிடத்தியிருந்தார்கள். ஒன்பதாம் வகுப்பு வரிசையாக வந்தது. சீருடையில், தலை வாரி, திருவிழாவுக்குப் போகிற மாதிரியும் பரீட்சைக்குப் போகிற மாதிரியும் இருந்த முகங்கள். வகுப்புத் தலைவி ஒரு காகித உறையை நீட்டினாள். உள்ளே கற்றையாகக் கடிதங்கள். "எல்லாரும் எழுதினோம் டீச்சர். நேத்து கடைசி பீரியட்ல."

சும்மா இருக்க முடியாமல் மேலே இருந்த ஒன்றைப் பிரித்தாள். இரங்கல் கடிதம். இடது பக்கம் முகவரி, அதற்குக் கீழே தேதி, ஒரு வரி விட்டு விளிப்பு. போன பருவத்தில் அவள் கரும்பலகையில் எழுதிப் போட்ட அதே கடிதம். துயரச் செய்தி கேட்டு அதிர்ந்தேன், சொற்கள் ஆறுதல் தரமாட்டா என்று அறிவேன், காலம் காயத்தை ஆற்றும். அடுத்ததிலும் அதே. அதற்கடுத்ததிலும் அதே. ஒருவர்கூடத் தப்பு விடவில்லை. ஒரே ஒருவன் மட்டும், பலகையில் இருந்ததை இருந்தபடியே எழுதியிருந்தான்: உங்கள் மாமாவின் மறைவு. தோழியின் மாமா இறந்ததற்கு எழுதும் கடிதம் அது. மாமாவை மாற்ற மறந்துவிட்டான்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அதை அடக்கப் போய் வேறு ஏதோ சத்தம் வந்தது. பிள்ளைகள் பயந்து ஒரு அடி பின்னால் போனார்கள்.

நாத்தனார் பக்கத்தில் வந்து தோளைப் பிடித்துக்கொண்டாள். குனிந்து காதருகில் கேட்டாள்: "இதுல யாரு அது?"

"யாரு?"

"வாசிச்சிட்டு இருந்தாளாமே. உங்க ப்யூன் காலையில வந்து அழுதான் என்கிட்ட. 'ஒரு பொண்ணு திக்கித் திக்கி வாசிச்சிட்டு இருந்துச்சும்மா, அதான் நின்னுட்டேன்'னான். எது அது? அந்த உசரமா?"

அவள் வரிசையைப் பார்த்தாள். அந்தப் பெண் சுவரோரம் நின்றிருந்தாள். முகம் வெளிறி, தொண்டை ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. தனக்குள் எதையோ சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். வகுப்பில் தன் முறை வருவதற்கு முன் அவள் செய்வது அது. சத்தமில்லாமல், உதட்டால் மட்டும்.

காட்டிவிடலாம். ஒரு பார்வை போதும். நாத்தனார் விடமாட்டாள், கத்துவாள், ஊரே திரும்பிப் பார்க்கும். இந்த வீட்டில் இரண்டு நாளாகச் சுற்றிக்கொண்டிருக்கும் பழி ஓரிடத்தில் போய் உட்காரும். தன் தோளை விட்டு இறங்கி, அந்தச் சின்ன முதுகில். அந்த நினைப்பு அவளுக்கு எவ்வளவு இதமாக இருந்தது என்பதை அவளே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாரும்தான் வாசிச்சாங்க அக்கா," என்றாள்.

"எனக்குத் தெரியும்டி. மறைக்காதே."

அதற்குள் அந்தப் பெண் வரிசையை விட்டு வெளியே வந்துவிட்டாள். யாரும் கூப்பிடவில்லை. நேராக அவள் முன்னால் வந்து நின்றாள். கைகளைப் பக்கத்தில் ஒட்டி வைத்துக்கொண்டு, மேசையருகே நிற்கிற மாதிரியே.

"டீச்சர்," என்றாள். "நே... நே... நே..."

அறையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நாத்தனாரின் விரல்கள் தோளில் இறுகின. நேத்து என்று சொல்லப் போகிறாள். நேத்து நான் என்று தொடங்கப் போகிறாள். அவளுக்குத் தெரிந்தது, அறையில் இருந்த எல்லோருக்கும் தெரிந்தது. கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டு வந்தது. இன்னும் கொஞ்சம் விட்டால் வந்துவிடும்.

"நேரமாச்சு, கிளம்பணும், அதானே?" என்று முந்திக்கொண்டு சொன்னாள் ஆசிரியை. "சரி. கிளம்பு."

அந்தப் பெண்ணின் வாய் திறந்தபடியே நின்றது. அடித்திருந்தால்கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டாள். வகுப்பில் எத்தனையோ பேர் அவள் வாயிலிருந்து சொல்லைப் பிடுங்கியிருக்கிறார்கள். இவள் ஒருத்தி பிடுங்கியதில்லை. கண் மெல்ல நிறைந்தது. தலையை ஒருமுறை அசைத்தாள். ஆமாம் என்றா, இல்லை என்றா, தெரியவில்லை. திரும்பி, பிள்ளைகளுக்கு நடுவே வழி கண்டுபிடித்து வெளியே போனாள்.

"இவதானா?" என்றாள் நாத்தனார்.

"இது வேற பிள்ளை."

காப்பாற்றத்தான் சொன்னேன் என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள். நாத்தனாரிடம் மாட்டாமல் அனுப்பிவிட்டேன். ஆனால் சொல்லை இடையில் மறித்தபோது உள்ளே ஏதோ ஒன்று திருப்தியாகப் பல்லைக் கடித்ததே, அது என்ன? ஒரே ஒரு முறை, நான் காத்திருக்க மாட்டேன். உனக்காகக் காத்திருந்தது போதும். அதைத்தானே சொன்னேன் அவளிடம்? அது அவளுக்கும் புரிந்துதான் போயிற்று.

கணவரின் முகத்தைத் திரும்பிப் பார்க்க முடியவில்லை. சட்டைக்கை மறுபடியும் இறங்கி, பாதி விரல்களை மூடியிருந்தது.

பிள்ளைகளை அனுப்பிவிட்டுத் தலைமை ஆசிரியை பின்தங்கினார். நல்ல மனுஷி. காலையிலேயே வண்டிக்கு ஏற்பாடு செய்தவர் அவர்தான். அவளைச் சமையலறைப் பக்கம் அழைத்துப் போய், ஒரு தம்ளரில் தண்ணீர் பிடித்துக் கையில் கொடுத்து, குடிக்கும்வரை நின்றார்.

"கேக்கவே கூசுது டீச்சர். எப்ப கேக்கிறதுன்னும் தெரியல."

"சொல்லுங்க மேடம்."

"வாசிப்பு மார்க் ஏத்துற சைட்டை இன்னைக்குச் சாயங்காலத்தோட பூட்டிடுறாங்க. உங்க கிளாஸ்ல எல்லாம் ஏத்தியாச்சு. அந்த ஒரு பொண்ணுக்கு மட்டும் விட்டுப்போச்சு. அவ நின்னுட்டு இருந்தப்பதானே..." நிறுத்தினார். "பேர் பக்கத்துல காலியா இருக்கு."

போனை எடுத்துத் திரையைக் காட்டினார். வரிசையாக எண்கள். நடுவில் ஒரு வெள்ளைக் கட்டம்.

"ஏழு போட்டுடட்டுமா? பாவம், எட்டே போடலாம். நீங்க வாயால சொல்லக்கூட வேண்டாம். தலையை ஆட்டினா போதும், நான் போட்டுக்கிறேன்."

பூஜ்யம் என்று முதலில் தோன்றியது. அப்படித் தோன்றியதில் அவளுக்கு அதிர்ச்சிகூட இல்லை. பிறகு எட்டு என்று தோன்றியது. எட்டு போட்டால் முடிந்தது. அந்தப் பெண் மறுபடி தன் மேசைப் பக்கம் வந்து நிற்க வேண்டாம். அந்த 'பி'யை வாழ்நாளில் இன்னொரு தடவை கேட்க வேண்டாம். அடுத்த வருஷம் வேறு ஆசிரியை, வேறு வகுப்பு. இரக்கம் என்று எல்லோரும் சொல்வார்கள். துக்க வீட்டில் இருந்துகொண்டு எட்டு போட்டாளே என்பார்கள்.

வெளியே வண்டியைப் பின்பக்கமாக எடுக்கும் ஓசை கேட்டது. யாரோ கையைத் தட்டித் தட்டி வழி சொல்லிக்கொண்டிருந்தார்கள். நாத்தனார் தம்பியின் பெயரைச் சொல்லி அழ ஆரம்பித்தாள்.

"இல்லைன்னா மறுதேர்வுன்னு எழுதி அனுப்பணும்," என்றார் தலைமை ஆசிரியை மெல்ல. "அதுக்கு ஒரு வாரம்தான் குடுப்பாங்க. வேற யாரும் உட்கார முடியாது, நீங்களேதான் வந்து கேக்கணும். இந்த நிலைமையில, அந்த ரூம்ல, அதே பொண்ணை... எப்படி முடியும் உங்களால? வேண்டாம்மா. எட்டு. சரின்னு சொல்லுங்க."

தம்ளரைத் தொட்டியில் வைத்தாள். அது சாய்ந்து, ஒரு சுற்றுச் சுற்றி நின்றது.

"வேண்டாம் மேடம்," என்றாள். "அவ இன்னும் வாசிச்சு முடிக்கலை."